சேமவச்சும் சிறுபழுதும்

உப்பு விற்கும் உமணர் தம் வண்டியின் அச்சுக்குக் கீழே மற்றோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வழிநடந்தனர் என்னும் செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டு நமக்குத் தருகிறது. எருதுகள் இளையவை, வண்டியிற் சுமை மிகுதி, வழியோ மேடும் பள்ளமும். எங்கே எது முரியும் என்று யாரறிவார்? ஆதலின் ஒரு மிகையச்சு. அதற்குச் சேமவச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை அவ்வச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடினார். முப்பதாண்டாக இப்பாட்டை மாணவர்க்குச் சொல்லிவரும் யான், உவமையின் அழகை விரித்து மன்னனைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். அந்த உமணனைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. பழுது வருமுன்னே பழுதை நினைத்தவன் அவன்; பாட்டுக்குப் பொருள் தந்தவனும் அவனே.

அவனை எனக்கு நினைவூட்டியது தொடர்வண்டி.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் புதுவைக்கு விழுப்புரத்திலிருந்து இருப்புப்பாதை வந்தது 1879ஆம் ஆண்டில். ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கிளைப் பாதை மீட்டர் அளவுப் பாதையாகவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகலப்பாதை ஆயிற்று. இன்று கடற்கரையோரத்துச் சிறு நிலையமாகிய நம் நிலையத்திலிருந்து தில்லிக்கும் அவுராவுக்கும் வண்டிகள் புறப்படுகின்றன. நெடுந்தொலைவு ஓடும் அவ்வண்டிகளின் அடியில் சேமவச்சு கட்டுவார் எவருமில்லை. அதற்கு மாற்றாக நிற்பவை சில மாந்தரின் கண்ணும் காதும் மூக்கும் புறங்கையுமே என்றால், மின்னொளியிலும் குளிர்காற்றிலும் அமர்ந்து செல்லும் நம்மவர் நம்புவாரா?

விழுப்புரம் சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருந்த இரவுகளில் யான் கண்டதைச் சொல்கிறேன். விரைவு வண்டியொன்று நிலையத்துள் நுழைகிறது. நாமெல்லாம் நம் பெட்டி எங்கே வருமென்று மேலே பார்க்கிறோம். பாதையின் இரு மருங்கிலும் நிற்கும் ஒருவர் இருவர் மட்டும் கீழே பார்க்கின்றனர். கையில் விளக்கு. வண்டி ஊர்ந்து கடக்குமளவும் அசையாது நின்று, உருளிகளையும் வில்களையும் தொங்கும் உறுப்புகளையும் நோக்குகின்றனர். நோக்குவதினும் மிகுதியாகக் கேட்கின்றனர். வண்டி நின்றதும் ஒவ்வோர் அச்சுப்பெட்டியின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்கின்றனர். இக்காலத்தே தொடாமலே வெம்மை அளக்கும் கருவியும் வந்துவிட்டது. ஆயினும் கை போகாமல் இருப்பதில்லை. பணியாளர் இதனை 'ரோலிங் இன்' என்கின்றனர். நுழைநோட்டம் என்று யான் சொல்லிக்கொள்வேன். எனக்கு அது கோயிலில் வழிபாட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது என்றால் மிகையன்று.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பெட்டிகளின் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். எந்தப் பணிமனை என்பது இங்கே வேண்டா. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்னவற்றாலேயே இக்கட்டுரை எழுந்தது. ஆசிரியனுக்கு மாணவன் பாடம் நடத்துவதில் உள்ள இன்பத்தை நீங்களும் பெறுக.

முதலில் தடையைப் பார்ப்போம். இப்போது ஓடும் வண்டிகளில் தடையை இயக்குவது காற்று. இழுவைப்பொறி காற்றை அழுத்தி, வண்டியின் நீளமெல்லாம் ஓடும் ஒரு குழாய்க்குள் செலுத்துகிறது. சதுர செண்டிமீட்டருக்கு 5 கிலோ என்னும் அழுத்தம் அக்குழாயில் நிற்குமளவும் தடைகள் விலகியிருக்கும். ஓட்டுநர் காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள பகிர்விதழ் அதனை உணர்ந்து, தனிக்கலத்திற் சேர்த்துவைத்த காற்றை உந்துருளைக்குள் விடும். கட்டைகள் உருளிகளைக் கவ்வும். குழாய் அறுந்தாலும் அழுத்தம் குறையும், இடர்ச்சங்கிலியை எவரேனும் இழுத்தாலும் குறையும், வண்டி நிற்கும். முன்னாளில் இதற்கு நேர்மாறாக வெற்றிடத்தால் தடையை விலக்கிவைத்தனர். காற்று உட்புகுந்தால் தடை பிடிக்கும். வழி வேறாயினும் எண்ணம் ஒன்றே. கெட்டுப்போனால் வண்டி நிற்கவேண்டுமேயன்றி ஓடக்கூடாது.

இவ்வமைப்பில் அடிக்கடி வரும் சிறுபழுது, கவ்விய கட்டை விடாமல் நிற்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுச் செலவில் யானே இதற்கு ஆட்பட்டேன். நள்ளிரவில் மயிர் தீய்ந்தாற்போன்ற ஒரு கமறல் பெட்டிக்குள் பரவிற்று. தீ, தீ என்று கூச்சல். வண்டி வெட்டவெளியில் நின்றது. விளக்கோடு வந்த பணியாளர் ஒருவர் முதலிற் செய்தது என்ன தெரியுமா? எங்கள் பெட்டியைத் தொடவே இல்லை. முன்னும் பின்னும் இருந்த பெட்டிகளின் கட்டைகளைக் காலால் உதைத்துப் பார்த்தார். அவை ஆடின. எங்கள் பெட்டியின் கட்டை ஆடவில்லை. பிறகே கீழே குனிந்து ஒரு கம்பியை இழுத்தார். உசு என்ற நெடிய மூச்சோடு காற்று வெளியேற, கட்டைகள் விட்டன. கால்மணி நேரத்தில் வண்டி கிளம்பிற்று. பலர் 'ஒரு கம்பியை இழுக்க இவ்வளவு நேரமா' என்று முணுமுணுத்தனர்.

அந்தக் கால் உதையின் பொருளை என் மாணவர் சொல்லித்தான் அறிந்தேன். எல்லாப் பெட்டியிலும் தடை பிடித்திருந்தால் பழுது குழாயிலோ இழுவைப்பொறியிலோ இருக்கும். ஒரு பெட்டியில் மட்டும் பிடித்திருந்தால் அப்பெட்டியின் பகிர்விதழைப் பார்க்கவேண்டும். பெட்டியின் முனையில் காற்றுச் சீறினால் சங்கிலி இழுபட்டிருக்கிறது. காப்பாளர் பெட்டியில் மட்டுமாயின், எவரோ கைத்தடையைத் திருகிவிட்டு அவிழ்க்க மறந்திருக்கலாம்! கம்பியை இழுத்தும் விடாவிட்டால் அப்பெட்டியின் தடையை மட்டும் குழாயினின்று பிரித்துவைத்து, அதனை எழுதிக்கொடுத்துவிட்டு வண்டியை விடுகின்றனர். புதிய செருமானிய வகைப் பெட்டிகளில் தடை வட்டுகள் அச்சின்மேல் உள்ளே இருப்பதால் காலால் உதைக்க வழியில்லை. பெட்டியின் பக்கத்தில் உள்ள சிறு சாளரம் பச்சையோ சிவப்போ காட்டும். பெரம்பூரில் பழைய வகைப் பெட்டி கட்டுவது 2018 சனவரியோடு நின்றுவிட்டது. ஆயின் அவை பாதையைவிட்டு இன்னும் முற்றும் நீங்கவில்லை. இரண்டையும் அறிந்தவனாகப் பணியாளன் இருக்கவேண்டியிருக்கிறது.

நோய் இன்னது என்று காண்பதும், அந்நோயின் முதல் இன்னது என்று காண்பதும் வேறுவேறு என்று பிரித்துவைத்தவர் வள்ளுவர். முன்னதை மட்டும் கண்டு மருந்து கொடுத்தால் என்னாகும் என்பதற்கு, நம் புதுவையை ஆண்டவரின் தலைநகரிலேயே ஒரு கொடிய சான்று உண்டு. 1988 சூன் 27 அன்று மெலனிலிருந்து பாரிசுக்கு வந்துகொண்டிருந்த உள்ளூர் வண்டியொன்றில், வழிநிலையத்தில் ஒருவர் இடர்ச்சங்கிலியை இழுத்தார். தடை பிடித்தது. அதனை மீட்கச் சென்ற ஓட்டுநர், தம்மையறியாமலே தடைக்குழாயின் ஒரு திருகை மூடிவிட்டார். அதனால் முதற் பெட்டிக்குப் பின்னுள்ள பெட்டிகளெல்லாம் குழாயினின்று துண்டுபட்டன; அவற்றின் தடைகள் விடவில்லை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டது என்று பிழையாக எண்ணிய அவர், பெட்டி பெட்டியாகச் சென்று உந்துருளைகளின் காற்றைத் திறந்துவிட்டார். கட்டைகள் விட்டன. வண்டி நகர்ந்தது. நோய் தீர்ந்தது என்றே நினைத்திருப்பார். முன்பெட்டி ஒன்றனைத் தவிர மற்றெதற்கும் தடையில்லாத வண்டி, இறக்கத்தில் இறங்கி இலியோன் நிலையத்துள் நின்றிருந்த வண்டியின்மேல் மோதிற்று. 56 பேர் மாண்டனர். நின்றிருந்த வண்டியின் ஓட்டுநர் கடைசி நொடிவரை மக்களை இறங்கச் சொல்லிக் கூவிக்கொண்டே இருந்து உயிர்விட்டார்.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். அங்கே முரிந்த உறுப்பு ஒன்றுமில்லை. ஒரு சிறு திருகு, கைப்பிடியளவு. எங்கள் பெட்டியைத் தொடுமுன் பக்கத்துப் பெட்டியை உதைத்துப் பார்த்த அந்தப் பெயரறியாப் பணியாளரை அன்று முணுமுணுத்தவருள் யானும் ஒருவன் என்பதை நாணத்தோடு எழுதுகிறேன்.

விடாத தடை அதனோடு நிற்பதில்லை. உருளி சுழலாமல் தண்டவாளத்தில் இழுபட்டால் ஓரிடம் தேய்ந்து தட்டையாகிவிடும். பெட்டிவண்டியின் உருளியில் அத்தட்டை 50 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது ஒழுங்குமுறை. நம் கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றேறக்குறைய. இதற்கா இத்தனை எண்ணம் என்பீர். 915 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர் செல்லும். மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் ஒரு நொடிக்கு ஒன்பது முறைக்கு மேல் அத்தட்டை தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடிக்கும். அச்சு, தாங்கி, தண்டவாளம் ஆகிய மூன்றும் அவ்வடியை வாங்கும்.

இதனைக் காதால் காண்கின்றனர் என்பதே எனக்கு வியப்பு. தண்டவாள இணைப்பில் எழும் ஓசை ஒவ்வோர் உருளிக்கும் ஒரே இடத்தில் எழுந்து அங்கேயே நின்றுவிடும். தட்டை உருளியின் ஓசை பெட்டியோடு கூடவே நடந்துவரும். முன்னது இடத்தின் ஓசை, பின்னது வண்டியின் ஓசை. என் மாணவர் இதனை 'ஒத்தை டக்கு, ரெட்டை டக்கு' என்கிறார். கேட்டதும் எனக்குத் தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். இரட்டித்தே வரும் சொல்லைப் பிரித்தால் பொருள் தராது என்றார் அவர். இசை, குறிப்பு, பண்பு என்று சொல்லின் தோற்றுவாயையும் வகுத்தார். பழுதுகளும் அம்மூன்றாகவே தோன்றுகின்றன! கடகடவென்றால் ஏதோ கழன்று ஆடுகிறது. கிறீச்சென்றால் உராய்கிறது. உசுவென்றால் காற்றுக் கசிகிறது. 'ஙொய்' என்று நீண்டால் தாங்கி தேய்கிறது. சுத்தியால் உருளியைத் தட்டினால் கணீரென்பது நலம், மொத்தென்பது விரிசல். இக்காலத்தே அச்சின் உட்புறத்தைக் கேளா ஒலியால் ஆராய்கின்றனர், அது கண்ணும் காதும் எட்டாத விரிசலையும் காட்டவல்லது, போற்றத்தக்கதே. ஆனால் அக்கருவி பணிமனையில் இருக்கிறது. நள்ளிரவில் வெட்டவெளியில் நிற்பவனிடம் இருப்பது காதுதான்.

நம் பாதையிலேயே அண்மையில் இது நிகழ்ந்தது. 2025 சனவரி 14, பொங்கல் நாளின் விடியலில், விழுப்புரத்திலிருந்து புதுவைக்குப் புறப்பட்ட மின்தொடர் வண்டி ஊரைக் கடக்குமுன்னே தடம்புரண்டது. பெருத்த ஓசை கேட்ட ஓட்டுநர் உடனே நிறுத்தினார் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஓர் உயிரும் போகவில்லை.

முன்னாளில் அச்சுத்தாங்கி, எண்ணெயில் ஊறிய பருத்திக் கழிவு அடைத்த பெட்டிக்குள் இருந்தது. எண்ணெய் வற்றினாலோ நீர் புகுந்தாலோ சூடேறிப் புகைக்கும். இன்று உருளைத்தாங்கிகள் வந்தமையால் அந்நோய் மிகக் குறைந்தது. வந்தால் விரைவில் முற்றும். மசகு வழிந்திருப்பதும், அச்சுப்பெட்டியின் வண்ணம் மாறியிருப்பதும் முன்னறிகுறிகள். இன்னும் எளியது ஒன்று: தடைச்சட்டத்தைத் தாங்கும் ஊசியின் முனையில் ஒரு பிளவாணி இருக்கும். சில உருவா விலை. அது விழுந்தால் ஊசி நழுவும். ஊசி நழுவினால் சட்டம் தொங்கும். ஓடும் வண்டியின் கீழே இரும்புச் சட்டம் தொங்குவதன் முடிவை எழுதவேண்டியதில்லை.

பழுதுள்ள பெட்டியைத் தனிப்பாதையில் ஒதுக்குவதைப் பணியாளர் 'சிக்கு போட்டாச்சு' என்கின்றனர். நோயுற்றது என்னும் ஆங்கிலச் சொல்லே அது. தமிழில் சிக்கு என்பதற்குப் பொருள் வேறாயினும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இனி யான் சொல்லவந்த குறைக்கு வருகிறேன். ஒரு முறை என் மாணவர், ஓடிவந்த பெட்டியொன்றில் தடை விடும்போது மட்டும் 'கொர்' என்றொரு ஓசை இரண்டு மூன்று முறை எழுந்ததைக் கேட்டார். கண்ணுக்குப் பழுது ஒன்றும் தெரியவில்லை. இதனை எழுதிவைக்க எண்ணினார். படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. கேட்டதைக் கேட்டவாறு எழுத அவருக்கு அவ்விரண்டிலும் சொல் வரவில்லை. 'பார்க்கப்பட்டது, நன்று' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதிக் கையொப்பம் இட்டார். அடுத்த பணிமனையில் அப்பெட்டியைப் பார்த்தவனுக்கு அவ்வோசை போய்ச் சேரவே இல்லை. பின்னர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லையாம். நல்லூழ். 'ஆனா ஐயா, அன்னைக்கு நான் பொய்யெழுதினேன்' என்றார். அம்மாணவன் பள்ளியில் ஒரு நாளும் பொய் சொன்னவனல்லன்.

எழுதிவைத்ததையே எவரும் எடுத்துப் பாராவிடின் என்னாகும் என்பது செருமனியில் தெரிந்தது. 1998 சூன் 3 அன்று எசெடே என்னும் ஊரில் உருளியின் வளையம் முரிந்து விரைவு வண்டி சிதைந்தது. 101 பேர் இறந்தனர். அவ்வுருளி இருந்த அடிச்சட்டத்தில் ஓசையும் அதிர்வும் உள்ளன என்று அதற்கு முந்திய இரண்டு திங்களில் வண்டிப் பணியாளர் எட்டு முறை எழுதிக் கொடுத்திருந்தனர். உருளி மாற்றப்படவில்லை. எட்டு முறை எழுதியும் அப்படி. எழுதவே வழியில்லாத இடத்தில்?

மொழிவெறி பேசுகிறான் என்று என்னைச் சொல்வாருக்கு 2019ஐ நினைவூட்டுவேன். அவ்வாண்டு மே திங்களில் மதுரைக்கு அருகே, திருமங்கலம் கள்ளிக்குடி நிலையத்தார்க்கிடையே மொழி புரியாமையால் இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் விடப்பட்டன, மோதுமுன் நிறுத்தப்பட்டன. இதற்கு மருந்தாகத் தெற்குத் தொடர்வண்டித்துறை சூனில் விடுத்த சுற்றறிக்கை என்ன? நிலையத்தாரும் கட்டுப்பாட்டறையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் பேசுக, வட்டாரமொழியைத் தவிர்க்க! எதிர்ப்பு எழுந்தது, சில நாளில் அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அங்கும் நோய் காணப்பட்டது, நோய்முதல் காணப்படவில்லை.

ஆயினும் பழியெல்லாம் தில்லிக்கே என்று முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. நாம் என்ன செய்தோம்? அறைக்குள் அமர்ந்து அகரமுதலிகளைப் புரட்டிக் கலைச்சொல் ஆக்கினோம். இக்கட்டுரையில் யான் எழுதிய பகிர்விதழ், உந்துருளை முதலியவற்றை என் மாணவரிடம் சொன்னபோது, மதிப்புக் கருதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் வாயிலோ கட்டை, கொக்கி, வில், ஆணி, ஊசி, அச்சு, குழாய், கவ்வுது, விடலே, மூச்சு விடுது, கமறுது, தள்ளாடுது என்னும் சொற்கள் தாமே வந்து விழுகின்றன. இவற்றுள் நாம் ஆக்கியது ஒன்றுண்டா? நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் பணிமனை பெயர்ந்த காலமுதல், இரும்போடு மல்லிட்ட தமிழர் வாயில் பிறந்து வளர்ந்த சொற்கள் இவை. பெரம்பூரிலும் அவ்வாறே. கல்லாதார் வழக்கு என்று அவற்றை ஒதுக்கிய குற்றம் நம் தமிழாசிரியர் குழாத்துக்கு உண்டு, எனக்கும் உண்டு.

பழுதுநோக்கு நூல் ஒன்று தமிழில் வேண்டும். உறுப்புகளின் பெயர்ப்பட்டியல் அன்று. இன்ன ஓசை எழுந்தால் முதலில் எங்கே பார்ப்பது, இன்ன நாற்றத்துக்கு எதனைத் தொடுவது, எதனைத் தொடாதிருப்பது, எப்போது வண்டியை விடாமல் நிறுத்துவது என்று, கண்டவன் கேட்டவன் சொல்லிலேயே அமைந்த நூல். பணிப்படிவத்தில் தமிழுக்கு ஒரு வரியிடம் வேண்டும். கையொப்பத்துக்கு மேலே, 'கேட்டது, கண்டது' என்று. இந்த ஒரு வரிக்கு எந்த ஆட்சிமொழிச் சட்டமும் இடிந்துவிழாது. மேலும், ஆய்வுக்கு நிற்கும் ஆள்களைக் குறைத்துக் கருவியை மட்டும் நம்பும் போக்கையும் தொழிற்சங்கத்தார் வினவுதல் வேண்டும்.

மாணவரும் யானும் ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம். ஓசைக்கு ஒரு பக்கம், நாற்றத்துக்கு ஒரு பக்கம், சூட்டுக்கு ஒரு பக்கம். ஓசைப்பக்கம் நிரம்பிவிட்டது, நாற்றத்துக்குச் சொற்கள் போதவில்லை. எண்ணெய் தீய்வதும், மின்கம்பியின் உறை தீய்வதும், கட்டை தீய்வதும் மூன்று வேறு நாற்றங்கள் என்கிறார் அவர். மூன்றுக்கும் தனித்தனிச் சொல் பொன்மலையில் இருக்கக்கூடும் என்று ஐயுறுகிறோம். பொன்மலையிலும் பெரம்பூரிலும் விழுப்புரத்திலும் பணியாற்றும், பணியாற்றி ஓய்ந்த தோழர்கள், தாம் வழங்கும் சொற்களைத் திருத்தாமல், இலக்கணம் பாராமல், ஓர் அஞ்சலட்டையில் எழுதி இவ்விதழின் முகவரிக்கு விடுக்க வேண்டுகிறேன்.